காலையில் கலக்கி வைத்த பேரியம்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் எக்ஸ்ரே மையத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற வேகத்தைப் பார்த்தே, இன்றைக்கு யார் மாட்டப் போகிறார்கள் என்று பதிவு மேசைப் பெண் சொல்லிவிடுவாள். நான் ஒன்றும் சும்மா கத்துவதில்லை. கத்த வைக்கிறார்கள், கத்துகிறேன். இதை எழுதும்போதும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

மையம் மலாக்கா டவுனில் இருக்கிறது. நான் அங்கே படம் எடுப்பவள். எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சென்று தெரியும், குடல் தெரியாது. அதனால் பேரியம் என்ற வெள்ளை மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்போம். அது போகிற வழியெல்லாம் குடலின் உள்பக்கத்தில் பூசிக்கொண்டே போகும். அரை மணிக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே வந்தால் எங்கே அடைக்கிறது, எங்கே சுருங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். எல்லாம் அந்தக் கலவையின் கையில் இருக்கிறது. கலவை கெட்டால், எவ்வளவு விலை உயர்ந்த மெஷின் இருந்தாலும் படம் குப்பைதான்.

அந்தக் கலவையை எங்கள் இடத்தில் எப்படித் தயார் செய்தார்கள் தெரியுமா? காலையில் கடை திறப்பதுபோல் மையத்தைத் திறந்ததும், உதவிக்கு இருக்கும் மலாய்க்கார அம்மா ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜக்கில் மாவைக் கொட்டி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து, கரண்டியால் நாலு சுற்றுச் சுற்றி வைத்துவிடுவார். அன்றைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அதே ஜக். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஆள் தனியாகக் கலக்கினால் நேரம் வீணாகிறது என்று டாக்டர் போட்ட உத்தரவு அது. கொஞ்ச நேரத்திலேயே மாவு அடியில் இறங்கிவிடும். மேலே வெளுத்த தண்ணீர், கீழே சேறு. முதலில் வருபவருக்குத் தண்ணீர், கடைசியில் வருபவருக்குச் சேறு. சேறு கிடைத்தவர்கள் வாந்தி எடுப்பார்கள். தண்ணீர் கிடைத்தவர்களின் படத்தில் ஒன்றும் தெரியாது. திரும்ப வரச் சொல்லி அனுப்புவோம்.

இதை நான் டாக்டரிடம் சொல்லாத நாளில்லை. படங்களைப் பார்த்து முடிவு எழுதுகிறவர் அவர். டவுனில் பிறந்து டவுனில் வளர்ந்த தமிழர். தமிழர் என்பதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். "இது சிராப் இல்ல, ருசி பாத்துக் குடிக்கிறதுக்கு. மூக்கைப் பிடிச்சிக்கிட்டுக் குடிக்கச் சொல்லுங்க" என்பார். சொல்லிவிட்டுத் தன் கோப்பியை உறிஞ்சுவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த ஜக்கிலிருந்து ஒரு குவளை என் அக்காவின் கைக்கு வந்தது.

அக்கா என்னைவிட ரொம்ப மூத்தவள். நியாலாஸ் பக்கத்தில் இருக்கிறாள். சுற்றியிருந்த எஸ்டேட்டெல்லாம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறிய பிறகும், ஒரு மலாய்க்காரரின் சின்னத் தோட்டத்தில் இன்னும் பால் மரம், அதாவது ரப்பர் மரம், சீவுகிறாள். அவள் மரம் சீவித்தான் நான் படித்தேன். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அவளுக்குச் சாப்பிட்டதும் வயிறு முறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தது. பிறகு வாந்தி. முதலில் காற்று என்றாள், அப்புறம் கண் பட்டது என்றாள். ஜாக்கெட்டின் கைகள் தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்த பிறகுதான் நான் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மேலேயிருந்து கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், கீழேயிருந்தும் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை. நடுவில் கிடக்கிற சிறுகுடலுக்கு அந்தக் குழாய் எட்டவில்லை. சி.டி. எடுக்கலாமென்றால் அதற்குப் போடுகிற ஊசி மருந்து அவள் சிறுநீரகத்துக்கு ஆகாது. எம்.ஆர்.ஐ.க்கு எப்போது முறை வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வயிற்றில் ஆசிட் அதிகம் என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை.

கடைசியில் பார்த்த சர்ஜன் ஒரு சீனர். நிதானமான மனுஷன். என்னைத் தனியே கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: பேரியம் குடிக்க வைத்து ஒரு நல்ல படம் கொண்டு வா, எங்கே அடைக்கிறது என்று தெரிந்தால் வழி பார்க்கலாம், தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

திறப்பது என்ற பேச்சு அக்காவின் காதில் விழுந்ததும் அவள் முகம் செத்துவிட்டது. சின்ன வயதில் எங்கள் எஸ்டேட் லயத்தில் வயிற்றைத் திறந்த பக்கத்து வீட்டு மாமா வீடு திரும்பவில்லை. அதை அவள் மறக்கவே இல்லை.

"கத்தி வேணாம் புள்ள. வேற என்னா வேணும்னாலும் பண்ணு, நான் ஒத்துக்கறேன். கத்தி மட்டும் வேணாம்."

"நல்ல படம் கெடச்சா வேணாம்க்கா. என் எடத்துக்கே வா, நான் பாத்துக்கறேன்" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

அவள் வந்த அன்றைக்கு நான் வேறு ஒரு நோயாளியோடு உள்ளே மாட்டிக்கொண்டேன். வெளியே வந்தபோது ஜக்கின் அடியில் கிடந்ததை அக்காவுக்கு ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். அவள் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோந்து பார்த்தாள். "இது என்னா புள்ள, நம்ம பால் மாதிரியே இருக்கு?" என்றாள். பால் என்றால் அவளுக்கு மாட்டுப் பால் இல்லை, ரப்பர்ப் பால்.

"இல்லக்கா, இது கல்லு மாவு. ஒடம்புல ஒட்டாது. நாளைக்கு அப்படியே வெளிய வந்துடும். கண்ண மூடிக்கிட்டுக் குடி."

பாதி குடித்தாள். அந்தப் பாதியும் என் காலில் கிடந்த சப்பாத்தின்மேல் வந்து விழுந்தது. உள்ளே தங்கிய கொஞ்சநஞ்சமும் படத்தில் திட்டுத் திட்டாகக் கிடந்தது. குடலின் ஓரமே தெரியவில்லை. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு நடைபாதையில் நின்றுகொண்டு, அக்காவுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "தோட்டத்துல பழைய கஞ்சி குடிச்சு வளந்தவங்கதானே? இத மட்டும் குடிக்க முடியாதாமா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"கஞ்சியா? கஞ்சின்னா வாய்க்குள்ள போகும் டாக்டர்! இது சேறு! சாக்கடையத் தூர்வாரி ஊத்துன மாதிரி ஊத்திக் குடுத்துட்டு, குடிக்கிறவங்களக் குத்தம் சொல்றீங்களா?"

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் கோபப்படவில்லை. சிரித்தார். கோபப்பட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். "அவ்வளவு தெரிஞ்சா நீங்களே ஒண்ணு கலக்கிக் காட்டுங்களேன். ஆனா வேல நேரத்துல வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கலக்கிக் காட்டினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதற்குக் கொடுத்தேன். முதலில் எங்கள் மாவை ஒரு கண்ணாடிக் கிளாசில் கரைத்து, அதில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பார்த்தேன். வயிற்றுக்குள் புளிப்பு இருக்கிறதே, அதைத் தாங்குமா என்று பார்க்கத்தான். கண்ணெதிரேயே திரிந்து கட்டி கட்டியாக இறங்கியது. இதைத்தான் இத்தனை காலம் ஜனங்களின் வயிற்றில் ஊற்றி, படம் வரவில்லை, படம் வரவில்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம்! மருந்து விற்க வருகிற பையனைப் பிடித்து உலுக்கி, வேறு மாதிரி மாவு ஒன்றை மாதிரிக்கு வாங்கினேன். மாவு இன்னும் நைசாக இருந்தது, கூடவே அடியில் தங்காமல் இருக்க ஏதோ பிசினும் சேர்த்திருந்தார்கள். வினிகர் விட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

மாவு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, கலக்குகிற கையும் நல்லதாக இருக்க வேண்டும். வீட்டு பிளெண்டரைக் கொண்டுபோய் அடித்தேன். நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. நுரை ஆகவே ஆகாது. காற்றுக் குமிழி படத்தில் கறுப்பு வட்டமாக விழும், குடலில் கட்டி இருப்பதுபோலக் காட்டி ஏமாற்றும். பிளெண்டரைத் தூக்கிக் கடாசினேன். மைலோ போட்டுப் பார்த்தேன், கண்றாவி. அசாம் போய் என்கிற உப்புப் போட்ட உலர்பழத்தை ஊற வைத்த தண்ணீரைச் சேர்த்தேன், அந்த உப்பில் நல்ல மாவும் முரண்டு பிடித்தது. ஒவ்வொன்றையும் நானே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். வாயெல்லாம் சுவரை நக்கிய மாதிரி ஆகி, மத்தியானச் சாப்பாடே இறங்காது. கோப்பிக் கடைக்காரர் வடிகட்டுகிற துணிப் பை ஒன்றைப் பாசாரில் வாங்கி வந்தேன். கடைசியில் பிடிபட்டது இதுதான்: கொதித்து ஆறின தண்ணீரைக் கொஞ்சம் விட்டு மாவை முதலில் பசையாகக் குழைக்க வேண்டும். பிறகு குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அடிக்காமல் மெதுவாகக் கிளற வேண்டும். துணியில் வடிகட்டி, நுரை அடங்க வைத்து, ஐஸ் பெட்டியில் குளிர வைத்து, சிராப் ஒரு சொட்டு. ஆளுக்கு ஆள் தனியாக. கொடுப்பதற்கு முன் இன்னொரு கிளறு. குளிர்கிற நேரத்தை விட்டால், இதற்கு என்ன பெரிய நேரம் ஆகிவிடும்? டாக்டர் கோப்பி குடிக்கிற நேரம்கூட ஆகாது.

அக்காவை மறுபடி வரவழைத்தேன். இந்த முறை நானே கலக்கினேன், நானே கொடுத்தேன். குவளையை வாங்கினவள், "இரு புள்ள, கக்கூஸ் போயிட்டு வந்துடறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்து மடமடவென்று குடித்தாள். முகம்கூடச் சுளிக்கவில்லை. வாந்தி இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் அவள் கக்கூசுக்குப் போனாள், பையோடு. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படம் வந்தது. குடலின் மடிப்பு மடிப்பாக, ஓரமெல்லாம் அழகாகப் பூசியிருந்தது. ஆனால் வழியெங்கும் கறுப்பு வட்டங்கள். ஒன்றிரண்டு இல்லை, கொத்துக் கொத்தாக.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கட்டிங்களா இருக்கலாம். இல்லன்னா உங்க மிக்ஸிங்ல வந்த நுரையா இருக்கலாம். ரெண்டுல எதுன்னு என்னால சொல்ல முடியாது. நீங்கதானே நல்லதா கலக்கித் தர்றேன்னீங்க?"

"என் கலவையில நுரை இல்ல டாக்டர். மிச்சம் கிளாஸ்ல இருக்கு, வந்து பாருங்க."

"நான் எதுக்குப் பாக்கணும்? நாளையிலேருந்து பழைய மாவு, பழைய ஜக். போதும் இந்த வெளயாட்டு."

கட்டிகள் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சர்ஜன் என்ன செய்வார் பாவம்? கட்டி என்ற சொல்லைப் பார்த்த பிறகு யார் சும்மா இருப்பார்கள்? வயிற்றைத் திறக்க நாள் குறித்துவிட்டார்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. மிச்சமிருந்த கலவையை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரு குமிழி கிடையாது. பிறகு இந்த வட்டங்கள் எங்கிருந்து வந்தன? உண்மையிலேயே கட்டிதானா? வேலை முடிந்ததும் ஜாசின் வழியாக நியாலாசுக்குக் காரை விரட்டினேன். வழியெல்லாம் டாக்டரைத் திட்டிக்கொண்டே போனேன். எழுதக் கூடாத வார்த்தையெல்லாம்.

அக்கா வாசலில் மங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மரத்தில் கட்டிவிட்டுப் பால் பிடிக்கிற சின்னக் கிண்ணங்கள் அவை. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் நல்லாத்தானே குடிச்சேன்? அப்புறம் எதுக்கு வெட்டணும்ங்கிறாங்க?"

"படம் பூரா குமிழி மாதிரி வட்டம் வட்டமா இருக்குக்கா. கட்டியா, காத்தான்னு தெரியல. நான் நுரை இல்லாமத்தான் கலக்கினேன். எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "சோடாவுல குமிழி வருமா புள்ள?"

"என்ன சோடா?"

"ஆப்பசோடா. போத்தல்ல கரைச்சு எடுத்துட்டு வந்தேன். குடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம். அப்புறம் கக்கூசுக்குப் போறப்பல்லாம் கொஞ்சம்."

தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ, உனக்கென்ன பைத்தியமா? எதுக்குக்கா?"

"அன்னிக்கு மாத்திரை குடுத்த டாக்டர் சொன்னாங்கள்ல, எனக்கு வயித்துல ஆசிட் நெறய இருக்குன்னு. பால்ல ஆசிட் பட்டா என்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? மழ வர்றதுக்குள்ள பால் கட்டணும்னு மங்குல ஆசிட்டத் தெளிச்சி விடறதே நான்தானே. பாத்துக்கிட்டு இருக்கறப்பவே கட்டியாப் போயிடும், கத்தி வெச்சு நோண்டினாத்தான் வரும். உள்ள போயி கொடல்லயே கட்டிக்கிட்டா? கட்டாம இருக்கணும்னா பால்ல அமோனியா ஊத்துவாங்க. அமோனியாவக் குடிக்க முடியுமா? அதான் ஆசிட்ட அடக்க ஆப்பசோடா."

"அது பால் இல்ல, கல்லு மாவுன்னு நான்தான் சொன்னேனே!"

"நீ சொன்னே. நான் கண்ணால பாத்தனே. அன்னிக்கு வாந்தி எடுத்தப்ப உன் சப்பாத்துல கட்டி கட்டியாத்தான் கெடந்துச்சு."

அவள் நினைத்தது தப்புதான். பேரியம் ரப்பராகாது, குடலில் தகடு பிடிக்காது. ஆனால் கட்டி கட்டியாகக் கிடந்ததை அவள் பார்த்தது நிஜம். அந்தப் பழைய மாவு வினிகரில் திரிந்ததை நானும் பார்த்தேனே. அதற்காக ஆப்பசோடாவா? காற்றைத் தானே உள்ளே ஏற்றிக்கொண்டு, கட்டி இருக்கிறது என்று எழுதி வாங்கி, எந்தக் கத்திக்குப் பயந்தாளோ அதன் அடியிலேயே போய்ப் படுக்கப் பார்த்தாள்.

"கேக்க வேண்டியதுதானே? என்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதானே? நான் அங்கதானே நின்னேன்! கூடப் பொறந்தவகிட்ட மறைச்சு, கக்கூசுல போயி ஒளிஞ்சு குடிக்கணுமா?"

"கேட்டா நீ கத்துவே."

நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா மறுபடியும் குந்தி மங்கைக் கழுவ ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு கோபம் வந்ததோ அவ்வளவு வெட்கமாகவும் இருந்தது.

"இன்னொரு தடவ குடிக்கணும்க்கா. சோடா இல்லாம" என்றேன்.

"குடிக்கிறேன். ஆனா ஒண்ணு. நீ அங்க வாயத் தொறக்கக் கூடாது. நீ சண்ட போட்டுட்டுப் போயிடுவே, அந்த டாக்டர் கையில மாட்டிக்கிட்டுப் படுத்துக் கெடக்கறது நான். ஒரு வார்த்த பேசினே, நான் எந்திரிச்சு பஸ் ஏறிடுவேன்."

சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சர்ஜனிடம் ஓடினேன். அவர் முழுக்கக் கேட்டார், ஒரு தரம்கூடச் சிரிக்கவில்லை. கத்தி வைக்கிற நாளைத் தள்ளிவைத்துவிட்டு, எங்கள் டாக்டருக்குப் போன் செய்து இன்னொரு படம் வேண்டும் என்றார். சர்ஜன் கேட்டதால் டாக்டர் ஒத்துக்கொண்டார். புது மாவுக்கும் இந்த ஒரு முறை மட்டும் என்று தலையாட்டினார். ஆனால் விஷயத்தை மையம் பூராவும் சொல்லிச் சிரித்து வைத்திருந்தார். அக்கா உள்ளே வந்தபோது பதிவு மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ரப்பர் ஆன்ட்டி என்று பெயர் வைத்திருந்தார்களாம்.

டாக்டர் கையில் கோப்பியோடு வந்து நின்றார். "என்னம்மா, இன்னிக்கு சோடா குடிக்கலயே? இல்ல, அமோனியா கொண்டாந்திருக்கீங்களா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கலவையைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

அக்கா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "டாக்டர், உங்க வயித்துலயும் ஆசிட் இருக்குமா?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் இருக்கும்மா."

"அப்ப நீங்க ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்க டாக்டர். உங்களுக்குக் கட்டலன்னா நான் முழுசா குடிச்சிடறேன்."

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். கத்திக்கும் குவளைக்கும் நடுவில் நின்றுகொண்டு, தனக்கு முன்னால் ஒரு மனுஷன் அதைக் குடித்து நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் குடிக்கலாம் என்று கேட்டாள். ஒரு வாய்தான். டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் பேஷண்ட் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவளுக்காகக் கலக்கி வைத்த குவளையை எடுத்து, ஒரே மூச்சில் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். குடித்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் போனது. கையை நீட்டி, என் வெள்ளைச் சட்டைக்கு மேலாக வயிற்றை அழுத்திப் பார்த்தாள். இங்கே அங்கே என்று எல்லா இடத்திலும் அழுத்தினாள்.

"கட்டியா இருக்கா புள்ள?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு. இதுக்குத் தொறக்கலாம்."

"இல்லக்கா. ஒண்ணும் பண்ணல. கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கு, அவ்வளவுதான்."

"சரி, எனக்குக் கலக்கு."

கலக்கினேன். குடித்தாள். இந்த முறை பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

படத்துக்குப் படம் திரையில் வெள்ளை ஓட ஆரம்பித்தது. வட்டம் இல்லை, திட்டு இல்லை. மடிப்பு மடிப்பாக, சுருள் சுருளாக இறங்கிக்கொண்டே போனது. சிறுகுடல் முடிந்து பெருங்குடலில் சேருகிற மூலைக்குக் கொஞ்சம் முன்னால் வந்ததும் வெள்ளை தயங்கியது. அங்கே குடல் இறுகிப் போய் நூல் மாதிரி ஒரே ஒரு கோடுதான். அந்தக் கோட்டின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"நின்னுடுச்சா?" என்று படுத்த இடத்திலிருந்தே கேட்டாள் அக்கா.

"இல்லக்கா. ஓடுது. மெல்ல ஓடுது."

டாக்டர் வந்து திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "குட் பிக்சர்" என்றார். கட்டி எதுவும் இல்லை, இந்த ஒரே இடத்தில் சுருக்கம் என்று எழுதினார். எல்லாருக்கும் இனி இப்படியே கலக்கலாமா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது, சத்தியம் தடுத்தது. அவரே போகிற போக்கில் சொன்னார்: "இது ஸ்பெஷல் கேஸ். எல்லாருக்கும் இப்படிச் செஞ்சிக்கிட்டு இருக்க முடியாது."

இடம் தெரிந்ததும் சர்ஜன் மறுபடி கீழேயிருந்து குழாய் விட்டு, அந்த மூலையைத் தாண்டி எட்டிப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். குடலில் டி.பி. என்று முடிவு வந்த அன்றைக்கு அக்காவுக்குப் புரியட்டும் என்று மலாயிலேயே சொன்னார்: "தா பாயா போத்தோங், ஆன்ட்டி. மாக்கான் ஊபாட் சாஜா." வெட்ட வேண்டாம், மருந்து மட்டும் சாப்பிட்டால் போதும்.

"வெட்ட வேணாமா?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள். வேண்டாம் என்றேன். நம்பாமல் அவரிடம் மலாயில் கேட்டாள். அவரும் வேண்டாம் என்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சர்ஜன் என் பக்கம் திரும்பி, படத்தை விரலால் தட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். என் முகம் மாறியதை அக்கா பார்த்துவிட்டாள். வெளியே வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னா சொன்னாரு?"

"இந்த மாதிரி படம் மொதத் தடவையே கெடச்சிருந்தா நீ இவ்வளவு எளச்சிருக்க மாட்டேன்னாரு."

அக்கா தன் கையைப் பார்த்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. "அன்னிக்குக் குடுத்தாங்களே, அந்தச் சேறாலயா?"

"ஆமாக்கா."

"இப்ப வர்றவங்களுக்கும் அதத்தான் குடுக்கறாங்களா?"

"ஆமா. இப்பவும் ஜக்குல அதுதான் இருக்கும்."

அக்கா என் கையை விட்டாள்.

"அப்புறம் எதுக்கு இங்க நின்னுக்கிட்டு இருக்கே? சத்தியமும் மண்ணும். நான் பஸ்ல போய்க்கறேன். நீ போ. போயி நல்லா கத்து."

போனேன்.